குறட்டைக்கு காத்தடிக்கற சிபாப் மிஷின் மாட்டி 19 நாள் ஆச்சு, தூக்கம் முன்னவிட மோசம், ஓரமா தூக்கி வச்சிடலாமா?

#1 தூங்காமூஞ்சி

எல்லாருக்கும் வணக்கம். இத்தன நாள் இங்க படிச்சுட்டு சத்தமில்லாம போயிட்டு இருந்தேன், இன்னைக்கு வேற வழியில்லாம எழுதறேன். வயசு 46. குறட்டை எனக்கு இருபது வருஷமா உண்டு, வீட்ல அத கேலியாதான் பேசிட்டு இருந்தாங்க. ரெண்டு மாசம் முன்னாடி சிக்னல்ல வண்டிய நிறுத்தினவன் அப்டியே சொக்கிட்டேன், பின்னாடி நின்னவங்க ஹாரன் அடிச்சப்பதான் முழிப்பு வந்துச்சு. பக்கத்து சீட்ல என் மனைவி. அன்னைக்கு சாயந்திரமே அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டா.

ஸ்லீப் ஸ்டடிக்கு தலை, தாடை, நெஞ்சு, கால், விரல்னு ஒரு இடம் விடாம வயர ஒட்டி விட்டுட்டு "நீங்க எப்பவும் தூங்கற மாதிரி தூங்குங்க"ன்னு சொல்லிட்டு போயிட்டாங்க. ரிப்போர்ட்ல ஏஎச்ஐ 38, அதாவது மணிக்கு 38 தடவ மூச்சு நின்னோ குறைஞ்சோ போயிருக்கு. ரத்தத்துல ஆக்சிஜன் 79 சதவீதம் வரைக்கும் இறங்கியிருக்கு. டாக்டர் சிவியர் ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு போற வியாதின்னு சொல்லி, ஆட்டோ சிபாப் எழுதிக் குடுத்துட்டாரு, மாஸ்க் வழியா காத்த அழுத்தி அனுப்பற மிஷின், அழுத்தத்த அதுவே ஏத்தி எறக்கிக்கும். மூக்கு வாய் ரெண்டையும் மூடற மாஸ்க், ப்ரஷர் 4லேர்ந்து 20.

19 நாள் ஆச்சு. மாட்டின உடனே மூச்சு முட்டற மாதிரி இருக்கு, காத்து அடிக்கற மிஷின மாட்டிட்டு காத்து பத்தலன்னு சொன்னா யாரு நம்புவா. ரெண்டு மணிக்கு மேல நானே கழட்டி எறிஞ்சுடறேன், கழட்டினதே ஞாபகம் இருக்கறதில்ல, காலைல பாத்தா தலகாணிக்கு அடியில கெடக்கு. மாஸ்க் ஓரத்துலேர்ந்து காத்து கண்ணுல அடிச்சு கண்ணு செவந்து போகுது, மூக்குத் தண்டுல புண்ணு மாதிரி ஒரு கோடு வேற. முன்னாடியாவது குறட்ட விட்டுட்டு தூங்கிட்டு இருந்தேன், இப்ப அதுவும் இல்ல.

இன்னொன்னு, சொல்லவே ஒரு மாதிரியா இருக்கு. லைட்ட அணைச்சதுக்கப்புறம் இருட்டுலதான் மாட்டறேன். அவ பாக்க வேணாம்னு.

#2 பழைய குழாய்

வாங்க தம்பி. நான் 11 வருஷமா இதோட குடித்தனம் பண்றவன். நீங்க எழுதின ஒவ்வொரு வரியும் என் முதல் மாசம். நான் ஒரு படி மேல போயி அலமாரிக்குள்ள வச்சு பூட்டியே வச்சேன் நாலு மாசம், அந்த நாலு மாசத்துலதான் பிபி மாத்திர ஒண்ணு ரெண்டாச்சு.

ஓரமா வைக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் விவரம் சொல்லுங்க. காலைல ஸ்க்ரீன்ல நேத்து ராத்திரி எத்தன மணி நேரம், லீக் எவ்ளோ, ஏஎச்ஐ எவ்ளோன்னு மூணு நம்பர் வரும், அது என்ன காட்டுது? ஸ்ட்ராப்ப எவ்ளோ இறுக்கி வச்சிருக்கீங்க? ரேம்ப், அதாவது ப்ரஷர கம்மில ஆரம்பிச்சு மெதுவா ஏத்தற செட்டிங், ஆன்ல இருக்கா? 4லேர்ந்து 20ன்னா பெட்டியிலேர்ந்து எடுத்தபடியே உங்க தலைல மாட்டி விட்டுருக்காங்கன்னு அர்த்தம், உங்களுக்குன்னு யாரும் உக்காந்து பாக்கல.

#3 ஆந்தை77

நான் ஊரோட ஒத்துப் போக மாட்டேன், மன்னிக்கணும். எனக்கும் போட சொன்னாங்க, ஆறு வாரம் போட்டேன், நரகம். பல் டாக்டர்கிட்ட போயி கீழ்த்தாடைய முன்னாடி இழுத்து வைக்கற கிளிப்பு செஞ்சு வாங்கிட்டேன், ராத்திரி வாய்ல மாட்டிட்டு படுத்தா முடிஞ்சுது. சத்தம் இல்ல, குழாய் இல்ல, பிளக்கு இல்ல. எல்லாரும் இந்த மிஷின மட்டுமே வேதம் மாதிரி பேசறது எனக்கு புரியல. பிடிக்கலன்னா விட்டுடுங்க சார், உடம்ப வதைக்காதீங்க.

#4 லேப்ல வேல

ஸ்லீப் லேப்ல வயர் ஒட்டற ஆளு நான்தான், "எப்பவும் தூங்கற மாதிரி தூங்குங்க"ன்னு நானும் தினம் சொல்றேன், வேற என்னங்க சொல்றது 😄

ஆந்தை, உங்களோட ஏஎச்ஐ எவ்ளோன்னு சொல்லலியே? 5லேர்ந்து 15 வரைக்கும் லேசு, 15லேர்ந்து 30 நடுத்தரம், 30க்கு மேல போனா சிவியர். தாடைக் கிளிப்பு மொத ரெண்டு வகைக்கு நல்லாவே வேல செய்யும், நான் கொறை சொல்லல. சிவியர்ல கூட மிஷின் சுத்தமா முடியலன்னா டாக்டர் அத யோசிப்பாரு, ஆனா போட்டுட்டு திரும்ப டெஸ்ட் பண்ணிப் பாக்கணும். 38ம் ஆக்சிஜன் 79ம் வச்சுட்டு "பிடிக்கலன்னா விட்டுடுங்க"ன்னு சொல்றதுதான் எனக்கு பயமா இருக்கு.

தூங்காமூஞ்சி, மூச்சு முட்டறது உங்க கற்பனை இல்ல. 4ங்கறது இந்த மிஷின்ல இருக்கறதுலயே கம்மியான ப்ரஷர். பெரிய ஆளுங்க நெறைய பேருக்கு அதுல காத்து பத்தாத மாதிரிதான் இருக்கும், நீங்க இழுக்கற வேகத்துக்கு அது குடுக்காது, நீங்க விட்ட மூச்சையே திரும்ப இழுக்கற மாதிரி ஒரு புழுக்கம் வரும். கம்மியா இருந்தா சுலபமா இருக்கும்னு நெனப்போம், நெறைய பேருக்கு நேர் எதிர். ஆரம்ப ப்ரஷர கொஞ்சம் ஏத்திக் குடுத்தா "ஐயோ இப்பதான் மூச்சு விடவே முடியுது"ம்பாங்க. அத டாக்டர்கிட்டயோ டெக்னீஷியன்கிட்டயோ கேட்டு மாத்துங்க, மிஷின்ல இருக்கற டேட்டாவ பாத்துதான் மாத்தணும், ஆளாளுக்கு வேற.

அப்புறம் இந்த மிஷின் உங்களுக்காக மூச்சு விடறதில்ல. அப்டி நெனச்சுட்டு அதுகூட மல்லுக்கட்டறவங்க நெறைய பேர். தூக்கத்துல தொண்ட தசை தளர்ந்து ரெண்டு பக்கமும் ஒட்டிக்குது, காத்து போற வழி அடைபடுது. உள்ள ஒரு சீரான அழுத்தம் இருந்தா ஒட்டாம தெறந்தே நிக்கும், அவ்ளோதான் இதோட வேல. மூச்சு நீங்கதான் விடறீங்க.

சைடுல ஒரு விஷயம், இத கண்டுபிடிச்ச ஆஸ்திரேலியா டாக்டர் காலின் சல்லிவன் 1981ல பேப்பர் போட்டாரு, ஆரம்பத்துல காத்தடிக்க வேக்யூம் க்ளீனர் மோட்டாரத்தான் திருப்பி மாட்டியிருக்காங்க. மாஸ்க்க மூக்கோட பசை போட்டு ஒட்டுவாங்க. அந்த சத்தத்துல அந்த பசையோட தூங்கின ஆளுங்க கூட மறுநாள் ராத்திரியும் வேணும்னு கேட்டிருக்காங்கன்னா அதுக்கு முன்னாடி அவங்க எப்டி தூங்கியிருப்பாங்கன்னு பாத்துக்கங்க.

#5 ராத்திரிராணி

நானும் ஒண்ணு சொல்றேன், பொம்பளைங்களுக்கு இது வேற வேஷத்துல வரும்னு யாரும் சொல்றதில்ல. எனக்கு குறட்டை பெருசா கெடையாது. தூக்கம் வரல, வந்தா நிக்கல, எந்திரிச்சா தலவலி, எதுக்கெடுத்தாலும் அழுக. பீரியட்ஸ் நின்ன வயசு, அதனாலதான்னு அஞ்சு வருஷம் தூக்க மாத்திரையும் மனசுக்கு மாத்திரையும் குடுத்தாங்க. ராத்திரி நாலு தடவ பாத்ரூம் போவேன், சுகர் டெஸ்ட் எத்தன தடவ எடுத்திருப்பேன்னு எனக்கே தெரியாது, எப்பவும் நார்மல். கடைசில புதுசா வந்த ஒரு டாக்டரம்மா என் கழுத்தயும் தாடையயும் பாத்துட்டு ஸ்டடி எழுதினாங்க. ஏஎச்ஐ 27.

பாத்ரூம் சமாச்சாரம் ஏன்னு அப்புறம்தான் வெளங்குச்சு. அடைச்ச தொண்டையோட மூச்ச இழுக்க இழுக்க நெஞ்சுக்குள்ள வெற்றிடம் மாதிரி ஆகி இதயம் இழுபடுது, இதயம் என்னடா ரத்தம் ஜாஸ்தியா வருதேன்னு தப்பா நெனச்சு தண்ணிய வெளிய தள்ள சொல்லி கிட்னிக்கு ஒரு ஹார்மோன அனுப்புது. மிஷின் போட்ட மூணாவது நாள் ஒரே ஒரு தடவதான் எந்திரிச்சேன். எனக்கு அதுதான் மொத நம்பிக்க, தூக்கம் சரியாக அதுக்கப்புறமும் ரெண்டு மாசம் ஆச்சு.

உங்களுக்கு ஒண்ணு சொல்றேன் தம்பி, ராத்திரி மட்டும் மாட்டிப் பழகாதீங்க. தூங்கணுமேன்னு ஒரு பதட்டம், அதுக்கு மேல மூஞ்சில ஒரு பிளாஸ்டிக்கு, எப்டி தூக்கம் வரும். பகல்ல டிவி பாக்கறப்போ மாட்டிட்டு உக்காருங்க, மொதல்ல குழாய் இல்லாம மாஸ்க் மட்டும், அப்புறம் காத்தோட. நான் வீட்டுக் கணக்கெல்லாம் அத மாட்டிட்டுதான் எழுதுவேன். ஒரு வாரத்துல கண்ணாடி போட்ட மாதிரி மறந்துடுச்சு.

மொத வாரம் பயங்கர கனவா வரும், பயந்துடாதீங்க. இத்தன வருஷம் கனவு காண்ற தூக்கத்துக்குள்ளயே போக விடாம எழுப்பி விட்டுட்டே இருந்திருக்கு, இப்ப மூள பழைய பாக்கிய மொத்தமா வசூல் பண்ணும். எனக்கு செத்துப்போன எங்க தாத்தா தினம் வந்தாரு, ரொம்ப கோவமா.

#6 தூங்காமூஞ்சி

இவ்ளோ பேர் எழுதுவீங்கன்னு நெனைக்கல. நேத்தைய நம்பர்: 2 மணி 50 நிமிஷம், ஏஎச்ஐ 11, லீக் 48. ஸ்ட்ராப்ப நல்லா இறுக்கிதான் வச்சிருக்கேன், லீக் ஆக ஆக இன்னும் இறுக்கறேன், காது மேல தழும்பே விழுந்துடுச்சு. மிஷின் போட்டும் ஏன் 11? அது பூஜ்யமா இருக்க வேணாமா? வாய தெறந்து தூங்கற பழக்கம் உண்டு, சின்ன வயசுலேர்ந்தே மூக்கு அடைப்பு.

#7 பழைய குழாய்

48! அதான் பாத்தேன். என் மிஷின்ல நிமிஷத்துக்கு 24 லிட்டருக்கு மேல போனாலே அழுமூஞ்சி பொம்ம காட்டும். ஓட்ட வாளில தண்ணி புடிக்கற கதைதான், ப்ரஷர் தொண்டைக்கு போகவே இல்ல, மிஷின் இன்னும் ஏத்துது, ஏத்த ஏத்த லீக் இன்னும் ஜாஸ்தியாகுது, அந்த சத்தத்துலயும் கண்ணுல அடிக்கற காத்துலயும் நீங்க முழிச்சுக்கறீங்க, கழட்டி எறியறீங்க. உங்க பிடிவாதக் குறைச்சல் இல்ல தம்பி இது, மாஸ்க்கு சரியா உக்காரல அவ்ளோதான். ஏஎச்ஐ 5க்கு கீழ வந்தாலே நல்ல நம்பர், பூஜ்யம் யாருக்கும் தினம் வராது.

ஸ்ட்ராப்ப தளர்த்துங்க. நம்ப மாட்டீங்க, நானும் நம்பல. அந்த சிலிக்கான் ஓரம் காத்துல உப்பி மெதந்து மூஞ்சில ஒட்டணும், இறுக்கினா அது மடங்கி மடங்கின எடத்துல ஓட்ட விழுது. உக்காந்துட்டு கண்ணாடி பாத்து மாட்டாதீங்க, படுக்கறப்போ கன்னம் சரிஞ்சு மூஞ்சியே வேற ஆயிடும். மிஷின ஆன் பண்ணி காத்து வர்றப்போ, படுத்துட்டு, மாஸ்க்க ஒரு தடவ மூஞ்சிய விட்டு லேசா முன்னாடி இழுத்து விடுங்க, அதுவா உக்காரும், அப்புறம் ஸ்ட்ராப்ப ஒட்டற அளவுக்கு மட்டும் இழுங்க. ஒரு விரல் உள்ள போகணும். படுக்கறதுக்கு முன்னாடி மூஞ்சிய கழுவுங்க, எண்ணெப் பசை இருந்தா வழுக்கும். சிலிக்கானயும் தினம் லேசான சோப்புத் தண்ணில அலசணும். தாடி இருக்கா?

#8 லேப்ல வேல

சைஸயும் பாருங்க. உங்களோடது மாதிரி ஃபுல் ஃபேஸ் மாஸ்க்ல பெருசு குடுத்துட்டா மூக்குத் தண்டுல ஏறி உக்காந்து கண்ணுக்கு காத்து அடிக்கும், நீங்க சொன்ன அந்த கோடும் அதனாலதான் இருக்கும். அளவு பாக்க ஒரு பேப்பர் அட்ட உண்டு, குடுத்தாங்களா? மூக்கடைப்புக்கு ஈரப்பதம் வைக்கற தண்ணி டப்பாவ நெரப்பி ஹ்யூமிடிஃபையர ஏத்திப் பாருங்க, அலர்ஜின்னா காது மூக்கு தொண்ட டாக்டர பாருங்க. மூக்கு தெறந்தா பாதி பிரச்சன போயிடும், அப்புறம் மூக்கு மட்டும் மூடற சின்ன மாஸ்க்குக்கு கூட போகலாம்.

ஒரு எச்சரிக்க. சில மாஸ்க்ல ஸ்ட்ராப்ப கோக்கற கிளிப்புல காந்தம் இருக்கும். பேஸ்மேக்கர் வச்சவங்களோ, தலைக்குள்ள உலோகக் கிளிப்பு வச்சவங்களோ டாக்டர கேக்காம அத வாங்காதீங்க, பக்கத்துல படுக்கறவங்களுக்கு வச்சிருந்தாலும் அதே கததான்.

#9 ஆந்தை77

சரி, கேட்டீங்களே, என்னோடது 14. ஒத்துக்கறேன். ஆனா 2016ல வந்த பெரிய ஆராய்ச்சில சிபாப் போட்டவங்களுக்கும் போடாதவங்களுக்கும் ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக்ல வித்தியாசமே இல்லன்னு வந்துச்சே, அதுக்கு என்ன சொல்றீங்க? அத யாரும் பேச மாட்டேங்கறாங்க.

#10 லேப்ல வேல

பேசலாமே. அது சேவ்னு ஒரு ட்ரயல், ஏற்கனவே இதய நோயோ பக்கவாதமோ வந்தவங்கள எடுத்து பண்ணது. நீங்க சொன்னது சரி, அந்த கணக்குல வித்தியாசம் வரல. ஆனா அதுல மிஷின் குடுத்தவங்க சராசரியா ஒரு ராத்திரிக்கு போட்டது 3.3 மணி நேரம். பாதி ராத்திரிக்கு கூட காணாது, தூங்காமூஞ்சி மாதிரியேதான். பகல் தூக்கம் ரொம்ப மோசமா இருந்தவங்கள சேக்கவும் இல்ல. அப்டியும் பகல் தூக்கம், குறட்ட, மனசு இதெல்லாம் மிஷின் போட்டவங்களுக்கு நல்லாவே மாறியிருந்துச்சு. அதனால ஹார்ட் அட்டாக்க தடுக்கும்னு நானும் சத்தியம் பண்ணல. சிக்னல்ல தூங்காம இருக்கறதுக்கு போட சொல்றேன்.

#11 புதுமுகம்_89

நடுவுல வர்றதுக்கு சாரி, அவசரம். மூணு மணிக்கு குழாய்குள்ள கொடகொடன்னு சத்தம், மூஞ்சில தண்ணி தெறிக்குது, முழுகற மாதிரி கனவு கண்டு எந்திரிச்சேன். மிஷின் ரிப்பேரா?

#12 பழைய குழாய்

ரிப்பேர் இல்ல. ரூம் குளுரு, உள்ள சூடான ஈரக்காத்து, குழாய்ல வேர்க்குது. ஹ்யூமிடிஃபையர ஒண்ணு ரெண்டு கொறைங்க, இல்ல குழாய போர்வைக்குள்ள விட்டுக்கங்க. மிஷின் கட்டிலவிட தாழ்வா இருக்கட்டும், தண்ணி திரும்பி டப்பாவுக்கே போயிடும். சூடாகற குழாய் கூட இருக்கு. டப்பால டிஸ்டில்ட் வாட்டர் ஊத்துங்க, குழாத் தண்ணி ஊத்தினா உப்பு படிஞ்சுடும்.

#13 பக்கத்துல படுக்கறவ

நான் மிஷின் போடறவ இல்ல, போடறவரோட பொண்டாட்டி. இந்த இழைல தூங்காமூஞ்சி சார் இருட்டுல மாட்டறேன்னு எழுதினத படிச்சுட்டு ரெண்டு நாளா மனசுல ஓடிட்டே இருக்கு, அதனாலதான் அக்கவுன்ட்டே ஆரம்பிச்சேன்.

சார், உங்க வீட்ல அவங்க என்ன பாத்திருக்காங்கன்னு உங்களுக்கு தெரியாது, நீங்க தூங்கிட்டு இருந்தீங்க. எங்க வீட்ல நான் எண்ணுவேன். குறட்ட பெருசா வரும், பட்டுன்னு நிக்கும். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுவேன். நெஞ்சு மட்டும் ஏறி எறங்கும், காத்து வராது. இருபது. முப்பது. நாப்பத்தி ரெண்டு வரைக்கும் போயிருக்கு. அப்புறம் தண்ணிலேர்ந்து தூக்கின மாதிரி ஒரு இழு. திரும்ப குறட்ட. திரும்ப நிக்கும். குறட்டைல யாருக்குங்க தூக்கம் கெட்டுச்சு, அந்த அமைதிலதான் எனக்கு தூக்கம் போச்சு. இப்படி ஏழு வருஷம். இன்னைக்கு அந்த குழாய பாத்தா எனக்கு அசிங்கமாவா இருக்கும்? அது உஸ்ஸுன்னு ஓடற சத்தம் கேட்டாதான் நான் திரும்பிப் படுக்கறேன். லைட்ட போட்டே மாட்டுங்க.

#14 கும்பகர்ணன்_தம்பி

வெயிட் கொறைச்சா மிஷின விட்டுடலாமா? ஊசி போட்டுக்கிட்டா போயிடும்னு எல்லாரும் சொல்றாங்களே?

#15 லேப்ல வேல

அந்த ஊசி டிர்செபடைட். 2024 டிசம்பர்ல அமெரிக்காவுல மருந்துக்கு அனுமதி குடுக்கற எஃப்டிஏ, உடல் பருமனோட நடுத்தரம் இல்லன்னா சிவியர் ஸ்லீப் ஆப்னியா இருக்கற பெரியவங்களுக்கு அத அனுமதிச்சாங்க. வெயிட் கொறைஞ்சா ஏஎச்ஐ கொறையும், நெசம்தான், சிலருக்கு மிஷினே வேணாங்கற அளவுக்கும் போகும். ஆனா அத திரும்ப டெஸ்ட் எடுத்துப் பாத்துதான் முடிவு பண்ணணும், குறட்ட நின்னுடுச்சுன்னு நாமளே பிளக்க புடுங்கக்கூடாது. ஒல்லியா இருக்கறவங்களும் லேபுக்கு வர்றாங்க, தாடை சின்னதா உள்வாங்கி இருக்கும், இல்ல டான்சில் பெருசா இருக்கும். அவங்ககிட்ட போயி வெயிட்ட கொறைங்கன்னா என்ன பண்ணுவாங்க. ராத்திரி சரக்கும், கேக்காம போடற தூக்க மாத்திரையும் எல்லாருக்குமே ஆகாது, தொண்டைய இன்னும் தளர விட்டுடும். ஆபரேஷன் எதுக்காவது போனா மயக்க டாக்டர்கிட்ட இந்த வியாதி இருக்குன்னு கட்டாயம் சொல்லுங்க, நெறைய பேர் இத ஒரு வியாதியாவே சொல்றதில்ல.

#16 தூங்காமூஞ்சி

அஞ்சு வாரம் கழிச்சு வர்றேன், ஓடிப் போயிட்டான்னு நெனச்சிருப்பீங்க.

டாக்டர்கிட்ட போனேன். மிஷின்லேர்ந்து மெமரி கார்ட எடுத்து டேட்டா பாத்துட்டு அவரே ஒரு நிமிஷம் பேசல. இப்ப ப்ரஷர் 8லேர்ந்து 14. மாஸ்க் சைஸும் பெருசுதான் குடுத்திருந்தாங்க, நடு சைஸ் மாத்தினேன், தாடியும் எடுத்தாச்சு, ஆபீஸ்ல யாருக்கும் அடையாளம் தெரியல. 8 வச்ச மொத நாளே மூச்சு முட்டறது போயிடுச்சு. லேப்ல வேல, உங்களுக்கு ஒரு கும்பிடு.

லீக் மட்டும் உடனே போகல. நான் தூங்கினதுக்கப்புறம்தான் ஆகுது, எனக்கு எங்க ஆகுதுன்னே தெரியாது. #13ல அந்த அம்மா எழுதினத என் மனைவிகிட்ட படிச்சு காட்டினேன். அவ ஒண்ணும் சொல்லல, கொஞ்ச நேரம் கழிச்சு "நான் எண்ணினதில்ல, தோள தட்டி விடுவேன்"னு மட்டும் சொன்னா. அன்னைக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு அலாரம் வச்சு எந்திரிச்சு ஃபோன் டார்ச்ச வச்சுக்கிட்டு விரல நனைச்சு மாஸ்க்க சுத்தி வச்சுப் பாத்திருக்கா, எங்க ஜில்லுன்னு காத்து படுதுன்னு. இடது கன்னத்துல, நான் ஒருக்களிச்சு படுக்கறப்போ தலகாணி ஓரம் மாஸ்க்க தள்ளுது. தலகாணிய மாத்திட்டேன். லைட்ட போட்டுதான் மாட்டறேன், பின்பக்கம் ஸ்ட்ராப் முறுக்கிக்கிட்டா அவதான் சரி பண்றா.

நேத்தைய நம்பர்: 5 மணி 40 நிமிஷம், ஏஎச்ஐ 3.1, லீக் 9. பகல் தூக்கத்துக்கு எப்வொர்த்னு எட்டு கேள்வி கேப்பாங்களே, 24க்கு மொத 17 வாங்கினேன், இப்ப 11. 10க்கு மேல இருந்தாலே ஜாஸ்தின்னு டாக்டர் சொல்றாரு, அதனால கார் சாவி இன்னும் அவகிட்டதான் இருக்கு.

பிடிச்சுப் போச்சான்னு கேட்டா இல்ல. போன சனிக்கெழம கழட்டி எறிஞ்சுட்டேன், காலைல தல கனமா, பழைய ஆள் மாதிரியே எந்திரிச்சேன். முன்னாடியெல்லாம் தினமும் அப்டித்தான் எந்திரிச்சிருக்கேன், அது தலவலின்னே எனக்கு தெரிஞ்சதில்ல.

இப்ப வயிறு மட்டும் காலைல உப்புசமா இருக்கு, ஏப்பமா வருது. அடுத்த வாரம் ஃப்ளைட்ல வேற போகணும், மிஷின செக்கின்ல போடலாமா?

#17 பழைய குழாய்

காத்த முழுங்கறீங்க, நெறைய பேருக்கு வர்றதுதான். ஒரு வாரம் பாருங்க, போகலன்னா மூச்ச விடறப்போ மட்டும் ப்ரஷர கொறைக்கற செட்டிங் ஒண்ணு இருக்கு, டாக்டர்கிட்ட கேளுங்க.

செக்கின்ல போடவே போடாதீங்க, கையோட எடுத்துட்டு போங்க. மருத்துவக் கருவின்னு டாக்டர் சீட்டு ஒண்ணு வச்சுக்கங்க, நெறைய ஏர்லைன்ல கைப்பை கணக்குல இத சேக்க மாட்டாங்க, முன்னாடியே கேட்டுக்கங்க. கெளம்பறதுக்கு முன்னாடி டப்பாத் தண்ணிய மறக்காம கொட்டிடுங்க. நான் ஒரு தடவ மறந்துட்டு பைய சாச்சு வச்சேன், தண்ணி மோட்டாருக்குள்ள போயி ரெண்டு ராத்திரி ஹோட்டல்ல குறட்டையோட கெடந்தேன், பக்கத்து ரூம்காரங்க சுவத்த தட்டினாங்க.

#18 தூங்காமூஞ்சி

சரிண்ணே. எக்ஸ்டென்ஷன் வயரும் எடுத்துக்கறேன், ஹோட்டல்ல பிளக்கு எப்பவும் கட்டிலுக்கு எதிர்ப்பக்கம்தான் இருக்கும்.